பிழைத்தவன்தானே வந்து சொல்வான்!



"வயதான காலத்தில் நண்பர்கள் சொல்லும் வைத்தியம் வரமா, வம்பா?" என்பது தலைப்பு. வம்பு என்பது எங்கள் கட்சி.

அறுபது தாண்டிய நாலு பேர் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்தால் என்ன பேசுவாங்க? அரசியல் பத்து நிமிஷம். மிச்ச நேரம் முழங்கால்! "எனக்குச் சுகர் இருநூறு" என்பார் ஒருத்தர். பக்கத்தில் இருப்பவர் விடுவாரா? "இதென்ன பிரமாதம், எனக்கு முந்நூறு!" நோயிலேகூட விட்டுக்கொடுக்க மாட்டாங்க. (சிரிப்பு)

எதிரணித் தலைவர் கேட்டார், "பெரிய மருந்தெல்லாம் கிழவிகள் சொன்னதிலிருந்துதானே வந்தது? சரித்திரத்தைப் புரட்டிப் பாருங்கள்" என்று. புரட்டுவோம் ஐயா.

1775-ஆம் வருஷம். இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்று ஒரு டாக்டர். உடம்பில் நீர் கோத்து, காலும் வயிறும் வீங்கிப்போகிற நோய்க்கு ஒரு குடும்பத்தார் வைத்திருந்த மருந்துக் குறிப்பு அவரிடம் வந்தது. ஷ்ராப்ஷயர் வட்டாரத்தில் ஒரு மூதாட்டி ரகசியமாகக் காத்து வந்த மருந்து. படித்த வைத்தியர்கள் கைவிட்ட சிலரை அந்த அம்மாள் எழுப்பி நடக்க வைத்தாராம். ஆனால், மருந்து குடித்தவர்களுக்கு வாந்தியும் பேதியும் பின்னி எடுத்துவிடும்.

அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். விதரிங் செடி கொடிகளை நன்றாக அறிந்தவர். வேலை செய்வது ஒரே ஒரு செடிதான் என்று கண்டுகொண்டார். அது ஃபாக்ஸ்குளோவ். மணி மணியாக ஊதாப் பூ தொங்கும், அழகான செடி. ஆனால் விஷம்! அளவு மீறினால் இதயத்தையே நிறுத்திவிடும்.

அவர் உடனே நாலு பேரிடம் போய், "ஓய், இதைச் சாப்பிடும், எல்லாம் சரியாயிடும்" என்றாரா? இல்லை. பத்து வருஷம் பாடுபட்டார். எந்தப் பருவத்தில் இலையைப் பறிப்பது, எப்படிக் காய வைப்பது, எத்தனை அளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். 1785-இல் புத்தகம் போட்டார். 150-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரம் அதில் இருக்கிறது. பிழைத்தவர்கள் மட்டுமல்ல, மருந்து பலிக்காதவர்கள், இறந்துபோனவர்கள் கதையும் இருக்கிறது. குணமானவர்களை மட்டும் பொறுக்கி எழுதுவது சுலபம், ஆனால் உண்மை அதை ஏற்காது என்பது அவர் கொள்கை. (கைதட்டல்)

அந்தச் செடியின் இனத்திலிருந்து 1930-இல் பிரித்தெடுத்த டிகாக்சின், சில இதய நோயாளிகளுக்கு இன்றைக்கும் தரப்படுகிறது. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே மயிரிழைதான் இடைவெளி. சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு இரத்தத்தைச் சோதித்துச் சோதித்துக் கொடுக்க வேண்டும்.

"அது வெள்ளைக்காரன் கதை" என்பீர்கள். நம்ம நாட்டுச் சர்ப்பகந்தி வேரை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தக் கொதிப்பை அது இறக்குகிறது என்று நோயாளிகளிடம் பார்த்து, 1949-இல் உலகத்துக்கு எழுதினார் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல். 1952-இல் அந்த வேரிலிருந்து ரெசர்பைன் என்ற மருந்தைப் பிரித்தார்கள். உலகமே வாங்கிச் சாப்பிட்டது. பிறகுதான், அளவு கூடினால் சிலருக்கு மனச்சோர்வு வருவதாகத் தெரிந்தது. தெரியவந்தது எப்படி? பலிக்காத கணக்கையும் எழுதி வைத்ததால்!

நண்பர் அந்தக் கணக்கை எழுதுவாரா? "என் மச்சான் இதைத்தான் சாப்பிட்டான், கல்லுக்குண்டு மாதிரி இருக்கான்" என்பார். அதே வைத்தியத்தில் போய்ச் சேர்ந்த மச்சான் வந்து சாட்சி சொல்வாரா? பிழைத்தவன்தானே வந்து சொல்வான்!

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். ஒருநாள் நெஞ்சை அடைக்கிறது என்றார், சட்டையெல்லாம் வேர்வை. "கேஸ்தான்" என்றார் ஒரு நண்பர், சோடா வந்தது. "இஞ்சி தட்டிப் போடு" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தன் பையிலிருந்தே மாத்திரை எடுத்துக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் போச்சு. ஆஸ்பத்திரி வாசலை அடையும்போது உயிர் இல்லை. அந்த மூவரும் கெட்டவர்களா? அவருக்காக எதையும் கொடுக்கக்கூடியவர்கள். கொடுக்க வேண்டிய நேரத்தைத்தான் கொடுக்கவில்லை.

அதனால் நண்பரே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை நடுவர் அவர்களே. "என்னப்பா, முகம் வீங்கியிருக்கே? மாடி ஏறினா மூச்சு வாங்குதே?" என்று முதலில் கண்டுபிடிப்பவர் நண்பர்தான். பிள்ளைகளிடம் மறைப்பதை அவரிடம்தான் சொல்கிறோம். வலியை நண்பரிடம் சொல்லுங்கள். மருந்தை டாக்டரிடம் கேளுங்கள். நெஞ்சு வலி என்றால் சோடாவுக்கு ஓடாதீர்கள், 108-க்குப் போன் போடுங்கள். கூடவே ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். நட்புக்கு அந்த வேலை போதும் என்று கூறி, நல்ல தீர்ப்பை வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)