பூதத்துக்கு ஒரு சிநேகிதி

ஏரிக்கரையில் ஒரு சின்னப் பெண் தனியாக விளையாடிக்கொண்டிருக்கிறாள். புதருக்குப் பின்னாலிருந்து ஓர் உருவம் வெளியே வருகிறது. தட்டையான மண்டை. தையல் போட்ட நெற்றி. பாதி மூடிய கண்கள். நீங்களோ நானோ என்றால் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடியிருப்போம். அவள் ஓடவில்லை. கையைப் பிடித்து அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவைக்கிறாள். தன்னிடமிருந்த பூக்களில் கொஞ்சம் எடுத்து அதன் கையில் கொடுக்கிறாள். பூவைத் தண்ணீரில் போட்டால் படகு மாதிரி மிதக்கும். அவ்வளவுதான் விளையாட்டு.

பூதம் சிரிக்கிறது. அதன் கையிலிருந்த பூ தீர்ந்துபோகிறது. இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டுகிறது.

கட்!

பிறகு நாம் பார்ப்பது, செத்துப்போன மகளைத் தூக்கிக்கொண்டு கல்யாணக் கொண்டாட்டத்தின் நடுவே நடந்துவரும் ஓர் அப்பாவை.

1931 நவம்பரில் வெளியான 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தை ஐம்பது வருடம் உலகம் இப்படித்தான் பார்த்தது. நடுவில் என்ன நடந்தது? காட்டவில்லை. காட்டாத இடத்தில் மனசு என்னவெல்லாம் நினைத்துக்கொள்ளும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இயக்குநர் ஜேம்ஸ் வேல் உண்மையில் எடுத்திருந்தது வேறு. பூ அழகு, மிதந்தது. இந்தப் பெண்ணும் அழகு, இவளும் மிதப்பாள். பூதத்துக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். தூக்கிப் போடுகிறது. அவள் மிதக்கவில்லை. பதறிப்போய், என்ன செய்வதென்று புரியாமல் தடுமாறி ஓடுகிறது. பாவத்தைச் செய்துவிட்டது, வாஸ்தவம். ஆனால் மனசில் பாவமில்லை.

குழந்தையைத் தண்ணீரில் வீசுவதைத் திரையில் காட்டுவதா என்று அமெரிக்காவின் பல மாநில சென்சார் போர்டுகள் கொதித்தன. கத்தரிக்கோல் வந்தது. பின்னால் மறுபடி ரிலீஸ் செய்தபோது அந்தத் துண்டு மொத்தமாகவே காணாமல் போனது. வேடிக்கையைப் பாருங்கள். பயங்கரத்தைக் குறைக்கிறேன் என்று வெட்டினார்கள். ஒரு விபத்தைக் கொலையாக, அதைவிடக் கேவலமான ஒன்றாக மாற்றிவிட்டார்கள். பிரிட்டனின் திரைப்படக் காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்த அந்தத் துண்டு 1980-களில்தான் கிடைத்து, படத்தில் மறுபடி ஒட்டப்பட்டது. குற்றவாளி தரப்பு சாட்சி, அரை நூற்றாண்டு தாமதமாகக் கோர்ட்டுக்கு வந்தமாதிரி.

பூதத்துக்கு அநியாயம் நடப்பது இது முதல்முறையும் அல்ல. இந்தக் கதையை எழுத ஆரம்பித்தபோது மேரி ஷெல்லிக்குப் பதினெட்டு வயது. நாவல் 1818-ல் வந்தது. அதில் ஆற்றில் விழுந்த ஒரு பெண்ணை நம் பூதம் காப்பாற்றுகிறது. கூட வந்த ஆள் நன்றி சொல்வதற்குப் பதிலாகத் துப்பாக்கியால் சுடுகிறான். அப்புறம் அது ஒரு சிறுவனைப் பார்க்கிறது. குழந்தைதானே, முகத்தைப் பார்த்து வெறுக்க இன்னும் கற்றுக்கொண்டிருக்காது, சிநேகிதனாக்கிக்கொள்ளலாம் என்று ஆசைப்படுகிறது. பையன் அலறுகிறான். ஆசை கொலையில் முடிகிறது.

ஆக, குழந்தையோடு சிநேகமாக இருக்கவேண்டும் என்பது பூதத்தின் பழைய ஆசை. நிறைவேறத்தான் இல்லை.

நிலைமை மாறியது டிவி வந்த பிறகு. 1957-ல் யுனிவர்சலின் பழைய பயமுறுத்தும் படங்கள் 52-ஐ ஒரே கட்டாகக் கட்டி, அமெரிக்க டிவி நிலையங்களுக்கு விற்றார்கள். தியேட்டர் இருட்டில் பெரியவர்களை நடுங்கவைத்த பூதம், இப்போது வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. பிள்ளைகள் நடுங்கினார்களா? ம்ஹும். அதைப் பொம்மையாக வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார்கள். அக்டோபர் 31, ஹாலோவீன் ராத்திரி. அயர்லாந்திலிருந்து பிழைக்கப் போனவர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பண்டிகை. பிள்ளைகள் பேய், பிசாசு வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். பூதத்தின் முகத்தை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிவந்த பிள்ளைக்கு, பூதத்திடம் என்ன பயம்?

அப்படி டிவி முன்னால் வளர்ந்த தலைமுறையில் ஒருவர்தான் ஃபிரெட் டெக்கர். 1987 ஆகஸ்டில் அவர் இயக்கிய 'தி மான்ஸ்டர் ஸ்குவாட்' வெளியானது. டிராகுலா, ஓநாய் மனிதன், மம்மி, நீர்வாழ் ஜந்து, கூடவே நம் ஃபிராங்கன்ஸ்டைன் பூதம். எல்லாம் ஒரு சின்ன ஊருக்குள் வந்துவிட, எதிர்த்து நிற்பது மரத்தின் மேல் கிளப் நடத்தும் சில பொடியன்கள். சின்னப் பெண் என்று கிளப்பில் சேர்த்துக்கொள்ளாத ஒரு தங்கையும் உண்டு. பெயர் ஃபீபி.

ஃபீபி தண்ணீரோரம் தனியாக இருக்கிறாள். பின்னாலிருந்து பூதம் வருகிறது. பழைய படம் பார்த்தவர்களுக்கு வயிற்றைப் பிசைந்திருக்கும். அடுத்து? பூதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணனின் கிளப்புக்கே கூட்டிக்கொண்டு வருகிறாள்! அலறி ஓடுவது அண்ணன்மார்கள்தான். 56 வருடத்துக்கு முன்னால் தப்பாகிப்போன கணக்கை ஒரு வாண்டு நேர் செய்துவிட்டது.

படத்தில் இன்னொரு பூதமும் உண்டு. தெருவில் தனியாக வாழும் ஜெர்மன்காரக் கிழவர். பிள்ளைகளுக்கு அவரைக் கண்டால் நடுக்கம். உதவி கேட்டுப் போனபிறகுதான், பலகாரம் கொடுத்து உபசரிக்கிற நல்ல மனுஷன் என்று தெரிகிறது. பூதங்களைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரிந்திருக்கிறதே என்கிறான் ஒரு பையன். ஆமாம் என்று ஒப்புக்கொண்டு கதவைச் சாத்துகிறார். அப்போது அவர் கையில் ஒரு நம்பர் தெரிகிறது. நாஜி முகாமில் கைதிகளுக்குக் குத்திய பச்சை. வசனம் கிடையாது. நிஜப் பூதங்களுக்குத் தையல் போட்ட நெற்றி இருப்பதில்லை.

காமர்ஸ் படித்தவன் புத்தி வசூலைத்தான் முதலில் பார்க்கும். அமெரிக்காவில் 40 லட்சம் டாலர்கூடத் தேறவில்லை. படுதோல்வி. ஆனால் வீடியோ கேசட்டில் பார்த்த பிள்ளைகள் மறக்கவில்லை. அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகி 2006-ல் டெக்ஸாஸில் மறுபடி திரையிட வைத்தார்கள். அந்த ரசிகர்களைப் பற்றி 2018-ல் ஓர் ஆவணப்படமே வந்தது. எடுத்தவர் ஆண்ட்ரே கோவர், படத்தில் ஃபீபிக்கு அண்ணனாக நடித்தவர்.

கடைசியாக, திரும்ப 1931-க்கு வருவோம். பூதமாக நடித்தவர் போரிஸ் கார்லோஃப். அசல் பெயர் வில்லியம் ஹென்றி பிராட், லண்டனில் பிறந்தவர். அவர் அப்பா இந்தியாவில் பிரிட்டிஷ் சர்க்காரின் உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். குழந்தையைத் தண்ணீரில் வீசும் காட்சியே வேண்டாம் என்று வாதாடிப் பார்த்தவர்களில் கார்லோஃபும் ஒருவர். வேல் கேட்கவில்லை.

ஷூட்டிங்குக்கு ஏரிக்குக் கிளம்பிய அன்று, முழு வேஷத்தில் நின்ற அவரோடு ஒரே காரில் ஏற எல்லோரும் தயங்கினார்களாம். ஏழு வயது மர்லின் ஹாரிஸ் மட்டும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, உங்களோடு நான் வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். கூட நடித்தவர்கள் பிற்பாடு சொன்ன கதை இது. பூதமும் குழந்தையும் ஒரே காரில் சேர்ந்து ஏரிக்குப் போனார்கள்.

நாம் இங்கே பூச்சாண்டி வருகிறான் என்று சொல்லித்தான் சோறு ஊட்டுகிறோம். என்றைக்காவது உங்கள் வீட்டுக் குழந்தை, 'பூச்சாண்டி சாப்பிட்டாச்சா?' என்று கேட்டால் அதட்டாதீர்கள். ஒரு வாய் அவனுக்கும் எடுத்து வையுங்கள்.