ஒப்புக்கொண்டவர்களும் மறுத்தவர்களும்

குஜராத்தின் உணவுக் கலப்பட வழக்கொன்றில் (காசம்பாய், 1980) நீதிபதி பகவதி ஓர் எச்சரிக்கை விடுத்தார்: நீண்ட விசாரணைக்கு அஞ்சி, குற்றமற்றவரும் சிறு தண்டனையை ஏற்கத் தூண்டப்படலாம். ‘பிளீ பார்கெயினிங்’ எனும் தண்டனைப் பேரம் அரசமைப்புக்கு முரணானது என்றது உச்ச நீதிமன்றம். ஆயினும் வழக்குகள் தேங்கின. 2006 ஜூலை 5 முதல், ஏழாண்டு வரை தண்டனைக்குரிய பல குற்றங்களுக்கு அதுவே சட்டமாயிற்று. மொழியியல் பயின்றவன் என்பதால் ஒன்று கண்ணில் படுகிறது: சட்டத்தில் ‘பேரம்’ என்று நுழையும் விண்ணப்பம், வெளிவருகையில் ‘இருதரப்புக்கும் மனநிறைவான தீர்வு’ ஆகிவிடுகிறது.

அந்த மனநிறைவு எத்தகையது என்பதை 2020இல் தில்லி காட்டியது. நிஜாமுதீன் மர்க்கஸ் வழக்கில், பெருந்தொற்றுக் கால விதிகளை மீறியதாக 955 வெளிநாட்டினர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. விசா ரத்தாகி அயல்நாட்டில் சிக்கிய அவர்களில் பெரும்பாலோர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 5,000, 7,000 ரூபாய் என அபராதம் கட்டி ஊர் திரும்பினர். புகார் அளித்த அதிகாரிகள் ஆட்சேபிக்கவில்லை. சாகேத் நீதிமன்றத்துக்கோ நூற்றுக்கணக்கானோர்மீதான விசாரணை மிச்சம்.

44 பேர் மட்டும் மறுத்து நின்றனர். ஆகஸ்டில் எட்டுப் பேர் விடுவிக்கப்பட்டனர். எஞ்சிய 36 பேரும் டிசம்பரில் விடுதலையாயினர். குறித்த காலத்தில் அவர்கள் மர்க்கஸில் இருந்தனர் என்பதையே அரசுத் தரப்பால் நிறுவ இயலவில்லை.

ஒப்புக்கொண்டவர்களுக்கு எதிரான சாட்சியங்களோ சோதிக்கப்படவே இல்லை. பேரத்தில் பிறந்த தீர்ப்புக்கு வழக்கமான மேல்முறையீடும் கிடையாது. சிறப்பு அனுமதி மனுவும் ரிட் மனுவும்தான் வழி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இந்நிலை தொடர்கிறது. பேரத்துக்கு விண்ணப்பிக்க 30 நாள் கெடுவும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.