இரண்டாவது ஜோடி ஸ்பீக்கர் - ஒரு சின்ன வரலாறு

வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஸ்பீக்கர் இருக்கிறது. இன்னும் இரண்டு வாங்கிப் பின்சுவரில் மாட்டினால் என்ன? கேள்வி சின்னதுதான். ஆனால் இதே கேள்வியை வைத்து 1970களில் உலகத்தின் பெரிய ஆடியோ கம்பெனிகள் கடை விரித்து, கையைச் சுட்டுக்கொண்டு மூடிவிட்டுப் போயின. அதே வேலையை சாலிடரிங் அயர்னும் கொஞ்சம் ஒயரும் வைத்திருந்த நம்மூர் ரேடியோ மெக்கானிக் செய்து காட்டினார். எப்படி என்று பார்ப்போம்.

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில், நெய்வேலியைத் தாண்டினால் வருவது மந்தாரக்குப்பம். பேரூராட்சிக் கணக்கில் அதற்குப் பெயர் கங்கைகொண்டான். 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1962-ல் அனல் மின் நிலையத்தில் உற்பத்தி ஆரம்பித்தது. ஆடியோ வியாபாரம் நடக்க இரண்டு விஷயம் வேண்டும்: கரண்ட், கையில் காசு. கரண்ட் பக்கத்திலேயே தயாரானது. மாதாமாதம் சம்பளம், தீபாவளிக்கு போனஸ் என்று காசும் வந்தது. நகரியத்து வட்டங்களில் குவார்ட்டர்ஸ், அதை ஒட்டி மந்தாரக்குப்பம் போன்ற கடைவீதிகள். ரேடியோ ரிப்பேர் கடைகளுக்கு இதைவிடத் தோதான இடம் ஏது?

ஆனால் அந்தக் காலத்து ரேடியோவுக்கு ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். இலங்கை வானொலி கேட்க அதுவே போதும். இரண்டாவது ஸ்பீக்கருக்கே வேலை இல்லாதபோது நான்காவதைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

இரண்டு காதுக்கு இரண்டு ஒலி என்ற யோசனை மட்டும் ரொம்பப் பழசு. 1881-ல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளமென்ட் ஆடர் என்பவர், ஓபரா மேடையில் வரிசையாக மைக் வைத்து, கேட்பவர்களின் இரண்டு காதுக்கும் தனித்தனி டெலிபோன் கொடுத்தார். 1931-ல் இங்கிலாந்தில் இஎம்ஐ கம்பெனியின் ஆலன் ப்ளம்லைன் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்டார். அந்த முறையில் இசைத்தட்டு கடைக்கு வர 1958 ஆனது. தமிழ் சினிமாவுக்கு அது வந்து சேர இன்னும் இருபது வருஷம்! 1978-ல் இளையராஜா இசையில் வந்த 'ப்ரியா'தான் ஸ்டீரியோவில் பாடல் பதிவான முதல் தமிழ்ப் படம் என்று சொல்வார்கள்.

நாம் ஸ்டீரியோவுக்கு வந்து சேரும்போது அமெரிக்காவும் ஜப்பானும் அடுத்த சண்டையை முடித்துக்கொண்டிருந்தன. அதற்குப் பெயர் குவாட்ரஃபோனிக். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. 1969-ல் டேப்பில் தொடங்கியது. பிறகு இசைத்தட்டுக்கு சிபிஎஸ் கம்பெனி எஸ்க்யூ என்று ஒரு முறை, சன்சுயி க்யூஎஸ் என்று ஒரு முறை, ஜேவிசி சிடி-4 என்று ஒரு முறை. ஒன்றுக்கு வாங்கிய டிகோடரில் இன்னொன்று சரியாகப் பிரியாது. சிடி-4 தட்டுக்கு ஊசியே தனி. நான்கு ஸ்பீக்கர், கூடுதல் ஆம்ப்ளிஃபையர், டிகோடர் என்று இத்தனையும் வாங்கிய பிறகு, பிடித்த பாட்டு வேறு கம்பெனி முறையில் வந்திருந்தால் வாங்கியவர் கதி? "எது ஜெயிக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளலாம்" என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எல்லோரும் காத்திருந்ததால் எதுவுமே ஜெயிக்கவில்லை. (வணிகவியல் வகுப்பில் உதாரணம் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது.) எழுபதுகள் முடிவதற்குள் கடைகளிலிருந்து காணாமல் போய்விட்டது.

இந்த ஆரவாரத்துக்கு நடுவில், டைனகோ கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவிட் ஹாஃப்லர் என்ற அமெரிக்கர் 1970-ஐ ஒட்டி ஒரு எளிய வழியைப் பிரபலப்படுத்தினார். டிகோடர் வேண்டாம், இரண்டாவது ஆம்ப்ளிஃபையரும் வேண்டாம். பின்னால் வைக்கும் இரண்டு ஸ்பீக்கரையும் தொடராக இணைத்து, ஒரு முனையை ஆம்ப்ளிஃபையரின் இடது ப்ளஸ்ஸிலும் மறு முனையை வலது ப்ளஸ்ஸிலும் கொடுத்துவிட வேண்டும். மைனஸ் பக்கமே போகக் கூடாது. அவ்வளவுதான்!

இது எப்படி வேலை செய்கிறது? மொட்டைமாடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டி, நடுவே ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே மட்டம் என்றால் குழாயில் தண்ணீர் ஓடாது. மட்டம் வித்தியாசப்பட்டால்தான் ஓடும். அதேபோல இடதிலும் வலதிலும் ஒரே மாதிரி வரும் ஒலி பின் ஸ்பீக்கருக்குப் போகாது. வித்தியாசம் மட்டும் போகும். ஸ்டீரியோ பாட்டில் பாடகரின் குரலும் பேஸும் பொதுவாக நடுவில் நிற்கும். அதனால் அவை பின்னால் மறைந்துவிடும். ஓரத்தில் இருக்கும் வயலின், கிடார், கோரஸ், எதிரொலி ஆகியவை மட்டும் வரும்.

பேஸ் வராததால் இன்னொரு லாபமும் உண்டு. பின்னால் பெரிய ஸ்பீக்கர் தேவையில்லை. பரணில் கிடக்கும் பழைய ரேடியோவின் ஸ்பீக்கரே போதும்.

எண்பதுகளில் கேசட் பெருகி, அசெம்பிள் செட் காலம் வந்தபோது இது நம்மூருக்கு எவ்வளவு தோதாக இருந்திருக்கும் என்று பாருங்கள். சான்யோ கம்பெனி கார் ஸ்டீரியோவுக்காகச் செய்த எல்ஏ4440 என்ற ஐசி, "4440" என்ற செல்லப் பெயரில் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளின் மேஜைக்கு வந்தது. சேனலுக்கு சுமார் 6 வாட், 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்யக் காசில்லாதவர்கள் மண்பானைக்குள் வைத்தார்கள். சிரிக்க வேண்டாம், அதில் விஷயம் இருக்கிறது. ஸ்பீக்கர் கூம்பின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் கலந்து பேஸை அழித்துவிடாமல் பானை தடுக்கிறது.

எல்லோரும் பிளஸ்ஸுக்கு பிளஸ் கொடுத்துவிடவில்லை. பலர் பழைய ஸ்பீக்கர் கம்பியோடு சேர்த்து முறுக்கிவிடுவார்கள். 8 ஓம் ஸ்பீக்கரோடு இன்னொரு 8 ஓம் இணையாகச் சேர்ந்தால் மொத்தம் 4 ஓம். அதையே 4 ஓம் ஸ்பீக்கரில் செய்தால் 2 ஓம். அதற்குத் தயாரிக்கப்படாத ஆம்ப்ளிஃபையர் கொதித்து, கடைசியில் ஐசி போய்விடும். போனஸில் வாங்கிய செட் பொங்கலுக்குள் ரிப்பேர் கடைக்கு வருவது இப்படித்தான். இதில் பின்னால் கேட்பதும் முன்னால் கேட்ட அதே பாட்டுதான். செலவு இரண்டு மடங்கு, புதுசாக ஒன்றும் இல்லை.

வித்தியாசத்தைப் பின்னால் அனுப்பும் அதே கணக்கு வேறு வழியாகத் தியேட்டருக்கும் போனது. குவாட்ரஃபோனிக்குக்காகப் பீட்டர் ஷைபர் போன்றவர்கள் கண்டுபிடித்த மேட்ரிக்ஸ் முறையைத்தான் டால்பி சினிமாவுக்குக் கொண்டுபோனது. 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' அதைப் பிரபலமாக்கியது. 1982-ல் டால்பி சரவுண்ட் என்று வீட்டுக்கும், 1987-ல் ப்ரோலாஜிக் என்றும் வந்தது. தமிழில் 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஒலிக்காகப் பேசப்பட்டது. பிறகு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ப்ரோலாஜிக் போர்டு, 5.1 போர்டு என்று மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தன. தோற்றுப்போன சரக்கு பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்த கதைதான்.

ஆனால் போர்டைவிட அந்த வெறும் ஒயரில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, பின் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்க வேண்டும். எஸ்.பி.பி.யும் ஜானகியும் கிட்டத்தட்ட காணாமல் போயிருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு ஓரத்தில் வாசித்துக்கொண்டிருந்த கிடார்காரர் திடீரென்று அறைக்குள் வந்துவிடுவார். கேசட் அட்டையில் அவர் பெயர் இருக்காது. ஆயிரம் தடவை கேட்ட பாட்டில் இப்படி ஒரு ஆள் இருந்தார் என்பதே அப்போதுதான் தெரியும்.

அதே செட்டில் அறுபதுகளின் விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாட்டைப் போட்டால் பின்னால் சத்தமே வராது, லேசான இரைச்சல் மட்டும் கேட்கும். ஒயர் விட்டுப்போச்சு என்று நினைத்துக் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பாட்டுகள் மோனோ. இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் பூஜ்யம்.