தோட்டப் பாதைக்கு ஜீப்பை உயர்த்துதல்: டயர், ஸ்பிரிங், பிரேக்

அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா செல்லும் ஏ-7 வீதியில் புதுக் காரில் வருபவர்கள், மலையகத்தில் வீதிக்கு என்ன குறை என்று கேட்கக்கூடும். அந்த வீதியை விட்டு இறங்கித் தோட்ட டிவிஷன்களுக்குள் போனால்தான் குறை தெரியும். கருங்கல் பெயர்ந்து, மழைநீர் அரித்து, நடுவில் மேடும் இருபுறமும் பள்ளமுமாகக் கிடக்கும் பாதைகள் அவை. 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டி பல இடங்களில் பிரதான வீதியோடு நின்றுவிடும். அங்கிருந்து லயம் வரை உள்ள சில கிலோமீற்றரைக் கடக்க கொழுந்து லொறியோ, உழவு இயந்திரமோ, யாரோ ஒருவரின் பழைய ஜீப்போதான் வேண்டும். பிரசவ வலியோடு துடிக்கும் பெண்ணும் அதில்தான் வரவேண்டும்.

அந்த ஜீப்பை உயர்த்தி, பெரிய டயர் போட்டு ஓட்டுவது இங்கு புதிதல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், கையில் இருந்த வண்டியையே பாதைக்கு ஏற்றபடி மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மாற்றலாம். ஆனால் எதை மாற்றினால் எது கிடைக்கும், எது பறிபோகும் என்பதைத் தெரிந்து மாற்ற வேண்டும்.

மலைப்பாதைகளில் நெடுங்காலமாக உழைப்பவை இரண்டு வகை. ஒன்று 1948இல் அறிமுகமான லேண்ட் ரோவர். அதன் சீரிஸ் 1, 2, 3 வண்டிகள் எல்லாவற்றுக்கும் நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங்தான். சுருள் ஸ்பிரிங் 1983இல்தான் வந்தது. மற்றையது எஞ்சினின் பெயராலேயே நம்மவர்கள் '4டிஆர்5' என்று அழைக்கும் மிட்சுபிஷி டீசல் ஜீப். அதுவும் பட்டை ஸ்பிரிங் வண்டியே. இரண்டிலும் முன்னும் பின்னும் ஒரே துண்டாக அமைந்த அச்சு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் சட்டமும் உடலும் மேலே போகும். அச்சு போகாது. பாதையின் நடுமேட்டில் முதலில் இடிபடுவது அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷல் உருண்டை. அதற்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டயர் மட்டுமே கூட்டும். குட்டைச் சட்ட லேண்ட் ரோவருக்கு நிறுவனம் போட்ட டயர் 6.00-16, விட்டம் ஏறத்தாழ 73 சென்ரிமீற்றர். நீளச் சட்ட வண்டிக்கு 7.50-16, விட்டம் ஏறத்தாழ 81. சிறியதைக் கழற்றிப் பெரியதைப் போட்டால் அச்சு 4 சென்ரிமீற்றர் உயரும், அவ்வளவுதான். ஆனால் கல்லுப் பாதையில் அந்த நாலு சென்ரிமீற்றரும் பெரிய விடயம். ஸ்பிரிங்கை மட்டும் 10 சென்ரிமீற்றர் உயர்த்திய வண்டி பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும். டிஃபரன்ஷல் பழைய இடத்திலேயே இடிபடும்.

அப்படியானால் ஸ்பிரிங் வேலை எதற்கு? இரண்டு காரணங்கள் உண்டு. பெரிய டயர் ஸ்பிரிங் அமுங்கும்போதும் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போதும் உடலில் உரசாமல் இருக்கக் கொஞ்சம் இடம் வேண்டும். அதைவிட முக்கியமானது சக்கரத்தின் ஏற்ற இறக்கம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்றிருக்கும் இடத்தில் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். சாதாரண டிஃபரன்ஷல் உள்ள அச்சில் தொங்கும் சக்கரம் வீணாகச் சுழலும், தரையில் நிற்கும் சக்கரம் இழுக்காது. நான்கு சக்கரமும் தரையைத் தொட்டபடி வளைந்து கொடுக்கும் வண்டி, உயரம் குறைவாக இருந்தாலும் ஏறிவிடும்.

இங்கேதான் நம் கராஜ்களின் வழக்கம் இடிக்கிறது. பாரத்துக்காக மேலதிகப் பட்டை ஏற்றுவது பாரவூர்திக்குச் சரி. ஜீப்புக்கு அதையே செய்தால் வண்டி உயரும், ஆனால் ஸ்பிரிங் விறைத்துப்போகும். வெறுமையாக ஓடும்போது ஒவ்வொரு கல்லும் உள்ளே இருப்பவரின் முதுகெலும்பில் தட்டும். நோயாளியை ஏற்றிய வண்டிக்கு இதைவிடக் கேடு இல்லை. அதற்குப் பதிலாகத் துருப்பிடித்த பட்டைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, கிரீஸ் பூசி, தேய்ந்த புஷ்களை மாற்றிப் பூட்டினாலே பாதிச் சிக்கல் தீரும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஒட்டிக்கொள்வதுதான் பழைய ஜீப்பின் விறைப்புக்குப் பெரும்பாலும் காரணம். பணம் இருந்தால் பரபோலிக் ஸ்பிரிங் போடலாம். நடுவில் தடித்து நுனிக்கு மெலியும் இரண்டு மூன்று பட்டைகள், இடையே உராய்வின்றி இயங்கும். அதிகம் அசையும், மென்மையாக இருக்கும். ஆனால் பட்டைகளின் உராய்வே ஓரளவு அதிர்வை அடக்கியது என்பதால், அதற்கு நல்ல ஷொக் அப்சோபரும் சேர்த்துப் போட வேண்டும்.

மலிவான வழி ஸ்பிரிங் நுனியைத் தாங்கும் ஷெக்கிளை நீளமாக்குவது. 5 சென்ரிமீற்றர் கூட்டினால் வண்டி ஏறத்தாழ அதில் பாதிதான் உயரும். முன்பக்கத்தில் செய்தால் அச்சின் சாய்கோணம் மாறி, ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் கெடும். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பது பின் அச்சில் சிறிதளவு பரவாயில்லை. முன் அச்சில் கூடவே கூடாது. பிரேக் போடும்போது வரும் முறுக்குவிசை முழுவதும் அந்தக் கட்டையில் விழும்.

சக்கரம் கூடுதலாக இறங்கத் தொடங்கியதும் அதோடு கட்டுப்பட்டவை எல்லாம் இழுபடும். ஷொக் அப்சோபர் எட்டாமல் போனால் அதுவே சங்கிலிபோல் அச்சைத் தாங்கிக் கடைசியில் பிய்ந்துபோகும். ஷாஃப்ட்டின் கோணம் கூடினால் யூனிவர்சல் ஜொயின்ட் வேகமாகத் தேயும். எல்லாவற்றிலும் ஆபத்தானது பிரேக் ஹோஸ். வேலை முடிந்ததும் சட்டத்தை ஜாக்கியால் தூக்கி, சக்கரங்களை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பி ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்க்காமல் எந்த வண்டியையும் கராஜிலிருந்து வெளியே எடுக்கக் கூடாது.

பெரிய டயரின் உண்மையான விலை இறக்கத்தில்தான் தெரியும். விட்டம் 11 சதவீதம் கூடினால் எல்லாக் கியர்களும் அந்த அளவுக்கு நீண்டுவிடும். ஏற்றத்தில் இழுவை குறையும். இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் விசையும் குறையும். வேகமானி 50 காட்டும்போது வண்டி உண்மையில் 55இல் போகும். அதே மிதிக்கு பிரேக் தரும் தடுப்பும் குறையும். பழைய டிரம் பிரேக் தொடர்ந்து அழுத்தினால் சூடேறி வழுக்கும். நானுஓயா ராதெல்ல குறுக்கு வீதி போன்ற செங்குத்து இறக்கங்களில் இதற்கு மன்னிப்பு இல்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி அங்கே பேருந்தொன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி 7 பேர் உயிரிழந்தனர். அது உயர்த்திய ஜீப் அல்ல. ஆனாலும் அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அடுத்தது கவிழ்தல். சீரிஸ் 2, 3 லேண்ட் ரோவரின் இடது வலது சக்கரங்களுக்கு இடையே 131 சென்ரிமீற்றர். ஒரு கணக்குக்காக, வண்டியின் பார மையம் தரையிலிருந்து 70 சென்ரிமீற்றரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அசையாமல் நிற்கும் வண்டி 43 பாகைப் பக்கச் சரிவு வரை தாங்கும். மையம் 80 ஆனால் அது 39 பாகை. நாலு பாகைதானே என்று தோன்றும். ஆனால் ஓடும் வண்டியில் கீழ்ப்பக்கச் சக்கரம் குழியில் விழும், மென்மையான ஸ்பிரிங் அதே பக்கம் சாயும், பின்னால் நிற்கும் ஆட்களும் கூரையில் கட்டிய மூட்டைகளும் சரிவார்கள். மிஞ்சியிருக்கும் பாகைகள் அந்தக் கணத்தில் தீர்ந்துவிடும். தோட்டப் பாதைகளில் கீழ் ஓரம் மண்ணரிப்பால் எப்போதும் பலவீனமானது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்த பின்னர் இதைச் சொல்லி விளங்கவைக்க வேண்டியதில்லை. கூரைப் பாரத்தை இறக்கிக் கீழே வைப்பது, எந்த ஸ்பிரிங் வேலையையும் விட வண்டியை நிலையாக்கும். காசும் செலவில்லை.

நம் வாசகர்களுக்கு மெக்கானிக்குகளின் கைத்திறனைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில், துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்கள் நாம். 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களும் அந்தக் காலத்தைக் கண்டவைதான். ஆனால் மண்ணெண்ணெய் எஞ்சின் பிழைத்தால் வண்டி நின்றுவிடும். ஸ்பிரிங்கிலோ ஸ்டியரிங்கிலோ பிழைத்தால் வண்டி நிற்காது. ஆகவே உடைந்த பட்டையை வெல்டிங் செய்து போடுவது, ஸ்டியரிங் கைகளைச் சூடாக்கி வளைப்பது ஆகிய இரண்டையும் எவ்வளவு திறமையான கை செய்தாலும் ஏற்கக் கூடாது. ஸ்பிரிங் உருக்கு சூடு பட்ட இடத்தில் பதம் இழந்து, ஒரு நாள் முன்னறிவிப்பின்றி முறியும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யப் பணம் இல்லாதவர்கள் பிரேக்கில் தொடங்குவதே நல்லது. பின்னர் பட்டை, புஷ், ஷொக் அப்சோபர். அதன்பிறகுதான் ஒரு அளவு பெரிய டயர். அதற்கு மேல் உயர்த்துவது உல்லாசப் பயணிகளை ஓற்றன் சமவெளிக்கு ஏற்றிச் செல்பவர்களின் கண்ணுக்கு அழகாகத் தெரியலாம், லயத்துக்குப் போகும் வண்டிக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. பதிவில் உள்ள விபரத்துக்கு மாறாகச் செய்யும் மாற்றங்களுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதையும், அது இல்லாவிட்டால் விபத்தின்போது காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

பாதையைத் திருத்தினால் இத்தனை வேலையும் வேண்டியதில்லை என்று கேட்பது நியாயமே. தோட்டப் பாதைகள் கம்பனிகளின் பொறுப்பில் இருந்ததால், பிரதேச சபைகள் அவற்றில் செலவிட நெடுங்காலம் சட்டம் இடம் தரவில்லை. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்ட பின் அந்தத் தடை நீங்கியது. கொழுந்து மடுவத்துக்குப் போகும் உங்கள் பாதைக்கு எப்போது நிதி ஒதுக்கப்படும் என்று சபை உறுப்பினரிடம் கேட்க இப்போது உங்களுக்கு உரிமை உண்டு. அதுவரைக்கும், ஸ்பிரிங் வேலை செய்த வண்டியை 500 கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் கராஜுக்குக் கொண்டுபோய் யூ போல்ட்டுகளை இறுக்குங்கள். புதிதாகப் பூட்டிய பட்டைகள் படிந்ததும் அவை தளரும்.