தொடும் கைக்குக் குரலும் வேண்டும்: அமெரிக்கக் கறுப்பினச் செவிலியர் நடத்திய போராட்டம்

1945 ஜனவரி. இரண்டாம் உலகப்போர் இறுதிக்கட்டத்தை எட்டியிருந்தது. காயமுற்ற வீரர்களைக் கவனிக்கச் செவிலியர் போதவில்லை, எனவே அவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கச் சட்டம் வேண்டும் என்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் நாடாளுமன்றத்தைக் கேட்டார். அதே மாதம் நியூயார்க்கில் நடந்த கூட்டமொன்றில் தரைப்படையின் தலைமை மருத்துவ அதிகாரி நார்மன் கிர்க்கும் இந்தத் தேவையை வலியுறுத்தினார். அப்போது அவையிலிருந்து ஒரு கறுப்பினப் பெண் எழுந்தார். செவிலியருக்கு இவ்வளவு பஞ்சம் என்றால், கறுப்பினச் செவிலியரைப் படை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டார்.

அன்று அந்நாட்டில் பதிவுபெற்ற கறுப்பினச் செவிலியர் ஏறத்தாழ 9,000 பேர் இருந்தனர். தரைப்படை அவர்களில் சில நூறு பேரை மட்டுமே ஏற்றிருந்தது. கடற்படை ஒருவரைக்கூட ஏற்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் மேபெல் கீட்டன் ஸ்டாப்பர்ஸ். ஒரு கூட்டத்தில் ஒரு நிமிடத்தில் கேட்கப்பட்ட அக்கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகால அமைப்புப் பணி இருந்தது.

சங்கத்தின் தோற்றம்

அமெரிக்காவில் முறையான பயிற்சி முடித்த முதல் கறுப்பினச் செவிலியர் மேரி எலைசா மஹோனி. 1879இல் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் அவர் பயிற்சி பெற்றார். ஆனால் பயிற்சி பெற்றவர்களுக்கும் கதவுகள் திறக்கவில்லை. பெரும்பாலான பயிற்சிப் பள்ளிகள் கறுப்பின மாணவியரைச் சேர்க்கவில்லை. தேசியச் செவிலியர் சங்கத்தில் உறுப்பினராக, மாநிலச் சங்கத்தின் வழியாகத்தான் வரவேண்டும் என்று விதி இருந்தது. தென்மாநிலச் சங்கங்களோ கறுப்பினத்தவரை ஏற்க மறுத்தன. விதியில் நிறம் குறித்து ஒரு சொல்லும் இல்லாமலே விலக்கல் முழுமையாக நடந்தது.

இந்நிலையில் மார்த்தா ஃபிராங்க்லின் என்ற செவிலியர், நாடெங்கும் இருந்த கறுப்பினச் செவிலியருக்குக் கைப்படக் கடிதங்கள் எழுதி அவர்களின் நிலையைக் கேட்டறிந்தார். அதன் விளைவாக 1908இல் 52 பேர் நியூயார்க்கில் கூடி, பட்டம்பெற்ற கறுப்பினச் செவிலியருக்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கினர்.

முதல் உலகப்போரின்போது இச்சங்கம் படைப்பணியில் இடம் கேட்டது. 1918இல் இன்ஃபுளுயன்சா கொள்ளைநோய் பரவி, மருத்துவமனைகள் திணறிய பிறகே 18 பேருக்கு இடம் கிடைத்தது. அதற்குள் போரும் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டே அவர்கள் பணியிலிருந்து அனுப்பப்பட்டனர். நெருக்கடியில் திறக்கும் கதவு, நெருக்கடி தீர்ந்ததும் மூடப்படும் என்பதை அச்சங்கம் அன்றே கற்றுக்கொண்டது.

ஹார்லெமின் காசநோய்

ஸ்டாப்பர்ஸ் 1890இல் பார்படோஸ் தீவில் பிறந்தவர். சிறுவயதில் குடும்பத்துடன் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்து, 1917இல் வாஷிங்டனில் செவிலியர் பயிற்சியை முடித்தார். 1920இல் லூயிஸ் ரைட் உள்ளிட்ட கறுப்பின மருத்துவர்களுடன் இணைந்து, ஹார்லெமில் காசநோயாளிகளுக்கான மருத்துவமனையை உருவாக்கினார். கறுப்பின மருத்துவர்கள் தம் நோயாளிகளைத் தாமே கவனிக்க நகரத்தில் இடம் தந்த மிகச் சில நிறுவனங்களுள் அதுவும் ஒன்று.

பின்னர் ஹார்லெம் மக்களின் நலத்தேவைகளைக் கணக்கெடுத்தார். அங்கே காசநோய் ஒழிப்புக்கென அமைந்த குழுவின் செயலராகப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தார். நெருக்கடியான வீடு, குறைந்த கூலி, சிகிச்சை மறுப்பு ஆகியவை சேரும் இடத்தில்தான் காசநோய் வேர்விடுகிறது. ஒரு செவிலியர் படுக்கையருகே நின்று பார்த்தாலே இது தெரியும். ஆனால் பார்த்ததை எண்ணிக்கையாக்கி, ஆவணமாக்கி, அதிகாரத்தின் முன் வைப்பது வேறொரு வேலை. ஸ்டாப்பர்ஸ் அந்த வேலையைச் செய்தார். 1934இல் தேசியச் சங்கத்தின் செயலர் பொறுப்பை ஏற்றபோது, இதே முறையை அங்கும் கொண்டு சென்றார்.

56 என்ற எண்

1941இல் தரைப்படை இறங்கிவந்தது போலத் தோன்றியது. கறுப்பினச் செவிலியர் 56 பேரைச் சேர்க்க ஒப்புக்கொண்டது. அவர்கள் தனி வார்டுகளில், கறுப்பின வீரர்களை மட்டுமே கவனிக்க வேண்டும். இந்த 56ஐ நாம் அறிந்த இடஒதுக்கீட்டுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. இடஒதுக்கீடு, விலக்கப்பட்டோர் உள்ளே வருவதற்குக் குறைந்தபட்ச உறுதி தருகிறது. 56 என்பதோ, இதற்குமேல் எவரும் வரக்கூடாது என்று போடப்பட்ட உச்சவரம்பு.

ஸ்டாப்பர்ஸ் அதை வெற்றியாக அறிவிக்கவில்லை. நிராகரித்து ஒதுங்கவும் இல்லை. உள்ளே சென்றவர்களின் அனுபவங்களைத் திரட்டினார். 1943இல் செவிலியர் பயிற்சிக்கு அரசு நிதி வழங்கும் சட்டம் வந்தபோது, அதில் பாகுபாட்டுக்குத் தடை இடம்பெற்றது. கறுப்பின மாணவியர் பயிற்சிக்கு அது வழிதிறந்தது. 1944 நவம்பரில் அதிபரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்த ஸ்டாப்பர்ஸ், ஜெர்மானியப் போர்க்கைதிகளைக் கவனிக்கக் கறுப்பினச் செவிலியர் அனுப்பப்படுவதை எடுத்துரைத்தார். எதிரிநாட்டு வீரனைத் தொடத் தகுதியுள்ள கை, சொந்த நாட்டு வெள்ளை வீரனைத் தொடக்கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள்.

1945 ஜனவரிக் கேள்வி இந்தப் பின்னணியில்தான் எழுந்தது. நாடெங்குமிருந்து கண்டனத் தந்திகள் குவிந்தன. அம்மாத இறுதிக்குள் தரைப்படையும் கடற்படையும் நிறம் பாராமல் செவிலியரைச் சேர்ப்பதாக அறிவித்தன. மார்ச் 8 அன்று ஃபிலிஸ் மே டேலி கடற்படையின் முதல் கறுப்பினச் செவிலியரானார். அமெரிக்கப் படைகளில் இனப்பிரிவினையை நீக்கும் ஆணை 1948இல்தான் வந்தது. செவிலியர் அதற்கு மூன்றாண்டுகள் முந்திக்கொண்டனர்.

குரலற்ற பரிவு

இதே காலத்தில் மற்றொரு கறுப்பினச் செவிலியரின் வாழ்க்கை வேறு திசையில் சென்றது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிபிலிஸ் நோயுற்ற 399 ஏழைக் கறுப்பின ஆண்களிடம் உண்மையான நோயைச் சொல்லாமல், சிகிச்சையும் அளிக்காமல், நோயின் போக்கைக் கவனிப்பதே அதன் நோக்கம். பென்சிலின் கிடைத்த பிறகும் அவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. 1972இல் செய்தி வெளியாகி நாடு அதிரும்வரை, நாற்பது ஆண்டுகள் இது தொடர்ந்தது.

அந்த ஆண்களை வீடுதேடிச் சென்று, வண்டியில் அழைத்துவந்து, நலம் விசாரித்து, நம்பிக்கையூட்டியவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற செவிலியர். அவர் அன்பானவர் என்றே மக்கள் நம்பினர். அந்த நம்பிக்கைதான் ஆய்வைத் தாங்கிப்பிடித்தது. வெள்ளை மருத்துவர்களின் ஆணைக்குக் கீழ், கறுப்பினப் பெண்ணாக, அவருக்கு இருந்த இடம் மிகக் குறுகலானது என்பது உண்மை. எனினும் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து ஒருவர் வெள்ளைச் சீருடை அணிந்துவிட்டால் நீதி கிடைத்துவிடும் என்ற எண்ணத்தை டஸ்கீகி தகர்க்கிறது. கேள்வி கேட்கும் உரிமையும், கேட்டவரைக் காக்கும் அமைப்பும் இல்லாத இடத்தில், பரிவே அநீதியின் கருவியாகிவிட முடியும்.

நமக்கான பாடம்

1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாத மக்களின் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைக் குறிப்பிட்டு, அவர்களின் நிலையை ஆராய்வது இயல்பானது மட்டுமன்றித் தேவையானதும்கூட என்றார். யாரை யார் தொடலாம் என்பதைப் பிறப்பு தீர்மானிக்கும் சமூகத்தில் வாழும் நமக்கு, செவிலியரின் இந்த வரலாறு அத்தகைய தேவைகளுள் ஒன்று.

வெற்றிக்குப் பின் நடந்ததும் அதில் அடங்கும். 1948இல் தேசியச் செவிலியர் சங்கம் அனைவரையும் உறுப்பினராக ஏற்றது. இனித் தனிச்சங்கம் தேவையில்லை என்று கருதி, கறுப்பினச் செவிலியர் தம் அமைப்பை 1951இல் கலைத்தனர். ஆனால் இருபதே ஆண்டுகளில், 1971இல், மீண்டும் ஒரு தேசியக் கறுப்பினச் செவிலியர் சங்கத்தை அவர்கள் தொடங்க வேண்டியிருந்தது. உறுப்பினர் பட்டியலில் பெயர் சேர்ந்ததே தவிர, தலைமையும் முடிவெடுக்கும் அதிகாரமும் அதற்கேற்பச் சேரவில்லை.

மருத்துவமனையில் சமத்துவம் என்பது, நோயாளிக்குப் படுக்கை கிடைப்பதோடும் நம்மவர் ஒருவருக்குப் பணி கிடைப்பதோடும் முடிவதில்லை. அந்த வார்டில் தவறு நடந்தால் அதைச் சொல்லும் உரிமை செவிலியருக்கு உண்டா, சொன்னவரோடு யார் நிற்பார்கள் என்று நாம் கேட்டாக வேண்டும்.