குனிந்து ஓட்டும் மோட்டார் சைக்கிள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையில், பந்தய வண்டியின் சாயலில் அமைந்த மோட்டார் சைக்கிள்களை இன்று காணலாம். கைப்பிடி தாழ்ந்தும், கால் வைக்கும் கட்டை பின்தள்ளி உயர்ந்தும் இருப்பதால் ஓட்டுபவர் பெட்ரோல் டாங்கின்மீது குனிந்தே அமர வேண்டும். இவ்வண்டியைப் புதிதாக வாங்கும் இளைஞர்கள் சில நாட்களிலேயே மணிக்கட்டும் கழுத்தும் வலிப்பதாகக் கூறுகின்றனர். இந்த அமர்நிலை எங்கிருந்து வந்தது? உடல் இதற்குப் பழகுமா? இரண்டு கேள்விகளுக்கும் விடை காற்றில் இருக்கிறது.

காற்று கற்பித்த பாடம்

காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும்; அதை வெல்லத் தேவையான திறனோ எட்டு மடங்காகும். எனவே எஞ்சினைப் பெரிதாக்குவதைவிட, காற்றில் படும் உடற்பரப்பைக் குறைப்பது எளிது எனப் பந்தய வீரர்கள் கண்டுகொண்டனர்.

1948 செப்டம்பர் 13ஆம் நாள், அமெரிக்காவின் பான்வில் உப்புச் சமவெளியில் ரோலி ஃப்ரீ என்ற வீரர் வின்சென்ட் வண்டியில் சாதனைக்கு முயன்றார். தோலுடை காற்றில் கிழிந்துபோகவே அதைக் களைந்துவிட்டு, நீச்சல் உடையுடன் வண்டியின்மீது குப்புறப் படுத்து, கால்களைப் பின்னால் நீட்டியபடி ஓட்டினார். மணிக்கு 150 மைலைத் தாண்டினார்; அதாவது சுமார் 242 கிலோமீட்டர்! 1950இல் இத்தாலியின் மோட்டோ குஸி நிறுவனம், வண்டியையும் அதன்மேல் அமர்ந்த வீரரையும் சேர்த்தே சோதிக்கக்கூடிய பெரிய காற்றுச் சுரங்கத்தை அமைத்தது.

பந்தயத் தளத்தில் பிறந்த இந்த நிலையைச் சாலைக்குக் கொண்டுவந்தவர்கள் இங்கிலாந்து இளைஞர்கள். 1950களிலும் 60களிலும் அவர்கள் தம் வண்டிகளின் உயர்ந்த கைப்பிடியைக் கழற்றிவிட்டுத் தாழ்வான குட்டைக் கைப்பிடிகளை மாட்டினர். சாலையோரத் தேநீர் விடுதிகளில் கூடியதால் 'கஃபே ரேசர்' என்ற பெயர் உண்டாயிற்று. 1964இன் இறுதியில் ராயல் என்ஃபீல்டு நிறுவனமே 'கான்டினென்டல் ஜிடி' என்ற பெயரில் இத்தகைய வண்டியை வெளியிட்டது.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1955இல் சென்னையில் தயாராகத் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட், நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் வண்டி. குனிந்து ஓட்டும் கலை சோழவரம் பழைய விமானத்தளத்தில் நடந்த பந்தயங்களிலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தளத்திலும் காணப்பட்டது. 2008இல் யமாஹாவின் ஆர்15 வந்தபின் அது கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டது. 2013இல் கான்டினென்டல் ஜிடி சென்னையில் மறுபிறவி எடுத்தது. 2017இல் ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் அப்பாச்சி ஆர்ஆர் 310ஐ வெளியிட்டது.

எடை எங்கே போகிறது?

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இடுப்புக்கு மேற்பட்ட பகுதி மட்டும் ஏறத்தாழ 40 கிலோ. அவர் 45 பாகை குனிந்திருப்பதாகக் கொள்வோம். புவியீர்ப்பு அவரை முன்னால் கவிழ்க்கப் பார்க்கிறது. எதிர்க்காற்று அவரைப் பின்னால் நிமிர்த்தப் பார்க்கிறது. 45 பாகையில் இவ்விரு விசைகளின் நெம்புதூரங்களும் ஏறத்தாழச் சமம். ஆகவே விசைகளை நேரடியாகவே ஒப்பிடலாம்.

முகப்புக் கண்ணாடி இல்லாத வண்டியில், காற்றில் படும் மார்பின் பரப்பு 0.3 சதுர மீட்டர் என்போம். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று சுமார் 20 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தள்ளும். உடற்பாரத்தில் பாதியை அது ஏந்திக்கொள்கிறது! மணிக்கு 40 கிலோமீட்டரிலோ அந்த விசை 2 கிலோவுக்குச் சற்று மேல்தான். மீதியை முதுகுத் தசைகள் தாங்க வேண்டும். அவை தாங்காவிட்டால் மணிக்கட்டுகள் தாங்க வேண்டும்.

கரிசல் சாலையில்

திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் போட்ட சாலை அலையலையாக மேடு பள்ளம் காண்பது இயல்பு. முழங்கையை விறைப்பாக நீட்டி ஓட்டினால் ஒவ்வொரு அதிர்ச்சியும் மணிக்கட்டில் தொடங்கித் தோள் வரை ஏறும். உள்ளங்கை நரம்பு நீண்ட நேரம் அழுந்தினால் விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரலால் பிரேக்கை அளவறிந்து பிடிக்க முடியாது. ஆபத்து இதில்தான் இருக்கிறது.

அருப்புக்கோட்டை நெசவாளர் தறியில் அமர்வதைக் கவனியுங்கள். உடலின் பாரம் இருக்கையில்; கால்கள் மிதியில்; கைகள் வேலைக்கு மட்டுமே. இவ்வண்டிக்கும் அதே விதிதான். இரு முழங்கால்களாலும் டாங்கை இறுகப் பற்றி, பாதத்தால் கட்டையை ஊன்றி, வயிற்றுத் தசையாலும் முதுகுத் தசையாலும் உடலைத் தாங்க வேண்டும். முழங்கை சற்று மடிந்திருக்கட்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். முதல் வாரங்களில் குறுகிய தொலைவே ஓட்டி, மதுரை வரையிலான நெடும்பயணங்களில் இடையிடையே இறங்கி நடப்பது நல்லது.

தசைகள் பயிற்சியால் வலுப்பெறும். சில வாரங்களில் அசதி குறையும். ஆனால் நரம்பு அழுத்தத்திற்குப் பழகிக்கொள்வதில்லை. மரமரப்பு நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும். நாள்தோறும் மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்பவர், காற்றின் துணையே கிடைக்காத வேகத்தில் காற்றுக்காகக் குனிந்திருக்கிறார் என்பதை வண்டி வாங்கும் முன்பே எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு நிமிர்ந்த கைப்பிடியுள்ள வண்டியே ஏற்றது.