மே மாசம் ரூம் கிடைக்குமுங்களா?

கோவையில் பெட்ரோல் பங்க்கிலோ துணிக்கடையிலோ ஒரு கூப்பனை நிரப்பிப் பெட்டிக்குள் போட்டிருப்பீர்கள். போட்டதையே மறந்தும் இருப்பீர்கள். ஒரு வாரம் கழித்து போன் வரும். ''சார், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு. ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்து வாங்கிக்கணும். ஒரு மணி நேரம் போதும். டின்னர் எங்க செலவு!''

அவிநாசி ரோட்டில் பெரிய ஓட்டல். ஏ.சி. ஹால். டை கட்டிய இளைஞர் ஒருவர் லேப்டாப்பில் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, கோவா என்று படம் காட்டுவார். ''சில லட்சம்தான் சார். வருஷா வருஷம் பாயின்ட்ஸ் வந்துட்டே இருக்கும். இஷ்டப்பட்ட ஊர்ல தங்கலாம். ஆனா இந்த விலை இன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான்!''

கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா? பொறுங்கள்! பேனாவை மூடி வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன சரித்திரப் பயணம்.

மலை மேல் நமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற ஆசையை இந்தப் பகுதியில் பெரிய அளவில் கிளப்பிவிட்டவர், கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன். 1819-ல் நீலகிரி மலை ஏறினார். குளிர்காற்று பட்டதும் மனிதர் சொக்கிப்போனார். சில ஆண்டுகளிலேயே ஊட்டியில் கல்வீடு ஒன்றைக் கட்டினார். 'ஸ்டோன் ஹவுஸ்' என்ற அந்த வீடு, இன்றைய அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அவருக்குப் பின்னால் வெள்ளைக்கார அதிகாரிகள் வரிசையாக பங்களா கட்டினார்கள். 1908-ல் மலை ரயிலும் ஊட்டி வரை வந்து சேர்ந்தது.

ஆனால் பங்களா கட்டியவர்களுக்கு ஒரு தலைவலி. வருஷத்தில் இரண்டு மாதம் தங்க, பன்னிரண்டு மாதமும் தோட்டக்காரனுக்கும் வாட்ச்மேனுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்!

இந்தத் தலைவலிக்கு மருந்து கண்டுபிடித்தது ஐரோப்பா. 1963-ல் சுவிட்சர்லாந்தில் 'ஹாபிமாக்' என்ற நிறுவனம் பிறந்தது. அதில் பங்கு வாங்கினால் வீடு உங்களுடையது ஆகாது. பதிலாக ஆண்டுதோறும் புள்ளிகள் கிடைக்கும். அவற்றைக் கொடுத்து நிறுவனத்தின் விடுதிகளில் தங்கலாம். அதாவது, இன்றைய பாயின்ட்ஸ் திட்டத்தின் தாத்தா! 1967-ல் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில், சூப்பர் தெவொலுயி என்ற இடத்தில், பனிச்சறுக்கு விடுதி ஒன்று அறைகளை வாரக் கணக்கில் விற்றது.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கட்டி முடித்த அடுக்குமாடி வீடுகள் விலை போகாமல் நின்றன. முழு வீட்டை வாங்க ஆளில்லையா? சரி, அதை 52 வாரமாக வெட்டி விற்றால்? விற்றது! 1974-ல் ஒரு விடுதியின் வாரத்தை இன்னொரு விடுதியின் வாரத்தோடு மாற்றிக்கொள்ள ஆர்.சி.ஐ. என்ற நிறுவனமும் வந்துவிட்டது. 1991-ல் டிஸ்னியும் பாயின்ட்ஸ் கணக்கோடு களத்தில் இறங்கியது.

இந்தியாவுக்கு? 1986-ல் சென்னையில் ஸ்டெர்லிங் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில், 1996-ல், மகிந்திராவும் வந்தது. ஆண்டுக்கு ஏழு நாள், இருபத்தைந்து வருஷம், சீசனுக்கு ஒரு நிறம் என்று நடுத்தரக் குடும்பத்துக்குப் புதுக் கனவு ஒன்று அறிமுகமானது.

இதையெல்லாம் கேட்டு நம் கொங்குநாட்டு விவசாயி ஆச்சரியப்படுவார் என்றா நினைக்கிறீர்கள்? சிரிப்பார்! ஏனென்றால் டைம்ஷேர் அவருக்குப் பழைய சமாசாரம். பேர்தான் வேறு. கிணற்றுப் பங்கு!

ஒரு கிணறு, நாலு பங்காளிகள். ''திங்கக்கெழம எனக்கு, செவ்வாக்கெழம உனக்கு'' என்று முறை வைத்துத் தண்ணீர் இறைப்பார்கள். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்திலும் முறை உண்டு, மோட்டார் வந்த பிறகும் உண்டு. பத்திரத்திலேயே 'கிணற்றில் நாலில் ஒரு பங்கு' என்று எழுதுவார்கள். கீழ்பவானிப் பாசனமும் ஏறக்குறைய இதே கதைதான். 2,07,000 ஏக்கருக்கும் நெல்லுக்கு ஒரே சமயத்தில் தண்ணீர் விடுவதில்லை. ஒற்றைப்படை மதகுகள் ஒரு முறை, இரட்டைப்படை மதகுகள் மறு முறை.

கிணற்றுப் பங்கு வாங்கப் போகிற கவுண்டர் என்னென்ன கேட்பார்? ''எத்தன பங்குங்க? கோடைல தண்ணி நிக்குமுங்களா? தூர் வார்ற செலவு யாரு தலைல? நாளைக்கு நான் வித்தா யாரு வாங்குவா?''

ஏ.சி. ஹாலில் நீங்கள் கேட்க வேண்டியதும் இந்த நாலு கேள்விகள்தான்!

முதலாவது, எத்தனை அறை, எத்தனை உறுப்பினர்? ஓர் அறைக்கு வருஷத்தில் 52 வாரம்தான். அதற்கு மேல் பிரம்மாவாலும் படைக்க முடியாது.

இரண்டாவது, ''ஏனுங் தம்பி, மே மாசம் ரூம் கெடைக்குமுங்களா?'' பள்ளிக்கூட லீவு எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில்தான் வருகிறது. பூப்பிடிக்கும் நேரத்தில் எல்லா வயலும் தண்ணீர் கேட்பது போல! பாயின்ட்ஸ் திட்டத்தில் ஜூலை மழையில் கொஞ்சம் புள்ளி போதும். மே மாதம் அதே அறைக்கு நிறையக் கேட்பார்கள். எந்த மாதத்துக்கு எத்தனை புள்ளி என்ற அட்டவணையைப் போடுவது யார்? விற்கிறவர்! நோட்டு அடிப்பவரும் அவரே, சாமானுக்கு விலை வைப்பவரும் அவரே. பின்னால் அட்டவணையை மாற்ற அவருக்கு உரிமை உண்டா என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, தூர் வாரும் செலவு. அதாவது வருடாந்தரக் கட்டணம். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். நாலு லட்சம் கட்டுகிறீர்கள். அதை எட்டு சதவிகித வட்டிக்குப் போட்டிருந்தால் வருஷம் 32,000 ரூபாய். ஆண்டுக் கட்டணம் வரியோடு 20,000 என்று வையுங்கள். ஆக 52,000. ஏழு ராத்திரிக்கு வகுத்தால் ஒரு ராத்திரிக்கு 7,400 ரூபாய்க்கு மேல்! அசல் திரும்பி வராது என்பதையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஒரு வருஷம் போகாமல் விட்டாலும் கட்டணம் நிற்காது. அந்தப் பணத்துக்கு அதே ஊரில் என்ன அறை கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வருஷம் தவறாமல், ஆறு மாதம் முன்பே திட்டமிட்டு, குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகலாம். 'லீவு கிடைத்தால் பார்க்கலாம்' ரகத்துக்கு ஆகாது.

நான்காவது, விற்றால் யார் வாங்குவார்? டைம்ஷேரை சொத்து என்று நினைத்தால் இங்கேதான் சறுக்கும். மும்பையின் பான்கார்டு கிளப்ஸ் 'அறை இரவுகளை' விற்றது. தங்காவிட்டால் சில வருஷம் கழித்துக் கூடுதலாகப் பணம் தருவதாகச் சொன்னது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்டிய தொகை 7,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2014-ல் செபி தடை போட்டது. விடுமுறை என்ற பெயரில் நடந்தது முதலீட்டுத் திட்டம்தான் என்றது. நமக்கு மும்பை வரை போவானேன்? 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி சொல்லிக்கொடுத்த பாடம் மறந்தா போகும்?

எல்லா டைம்ஷேரும் ஈமு கோழி அல்ல. ஒழுங்காக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், சந்தோஷமாகப் போய்வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 'இன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான்' என்ற அவசரம்தான் உறுத்த வேண்டும். ஐரோப்பிய யூனியன் 1994-லேயே இதற்குச் சட்டம் போட்டது. கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு மாறினால் விலகிக்கொள்ள பத்து நாள் அவகாசம். 2009-ல் அதைப் பதினான்கு நாளாக்கியது. அங்கே சட்டமே யோசிக்க நேரம் கொடுக்கிறது. இங்கே அந்த நேரத்தை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் விலகும் அவகாசம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாயால் சொன்னதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். வில்லங்கம் வந்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அப்போது கையில் இருக்க வேண்டியது அந்தக் காகிதம்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாராளமாகப் போங்கள். டின்னர் சாப்பிடுங்கள். ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ''வீட்ல போய்ப் படிச்சுப் பாத்துட்டு சொல்றனுங் தம்பி'' என்று எழுந்து வாருங்கள். நகல் தர மறுத்தால் முடிவெடுக்கும் வேலையே மிச்சம்!

கிணற்றுப் பங்கு வாங்குகிறவர் பத்திரத்தை மட்டும் பார்த்து முன்பணம் கொடுப்பதில்லை. சித்திரை மாதத்தில் நேரில் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.